சமமான இரைச்சல்

இடது பக்கம் மெலிசாக இருக்கிறது. முதலில் தோன்றியது அதுதான், வேறெதுவும் தோன்றவில்லை. எதிரொலி அறை முழுக்க இரைச்சல் நிறைந்து கிடக்கிறது. மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி, பளபளவென்று பெயிண்ட் அடித்த சுவர்களில் மோதி, மேலே கோணல்மாணலாகத் தொங்கும் அக்ரிலிக் தகடுகளில் பட்டுச் சிதறி, எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி வருகிறது. அப்படித்தான் வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடிந்துவிட்டால் அறை கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். இந்த அறையில் எந்த இடத்தில் நின்றாலும், எந்தப் பக்கம் திரும்பினாலும் சத்தம் ஒரே அளவாக இருக்க வேண்டும், அப்போதுதான் இதற்குள் ஒரு பம்புசெட்டையோ கிரைண்டரையோ ஓடவிட்டு அது எவ்வளவு கத்துகிறது என்று அளக்க முடியும், சினிமாத் தியேட்டர் சுவரில் ஒட்டுகிற பஞ்சுப் பலகையைத் தரையில் விரித்து அது எவ்வளவு சத்தத்தைக் குடிக்கிறது என்று சொல்ல முடியும். அறை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அளப்பதெல்லாம் சாய்ந்துவிடும். சாய்ந்திருக்கிறது. வடக்குச் சுவராகத்தான் இருக்கும். மழைக்குக் கூரை ஒழுகி அந்தச் சுவர் உப்பிப் போய், கொத்திப் போட்டு மறுபடி பூசினார்கள். பூச்சு நன்றாகக் காய்வதற்குள் பெயிண்ட் அடித்துவிட்டார்களா, உள்ளே எங்காவது பொள்ளலாக இருக்கிறதா. கொத்தனார் தட்டிப் பார்த்துவிட்டு "கல்லு மாதிரி இருக்குதுங்க" என்றார். கல் மாதிரி இருக்கிற சுவர் சத்தத்தைத் திருப்பித் தராமல் எங்கே கொண்டுபோய் வைக்கும். நான் கதவைப் பார்த்து நிற்கிறேன், வடக்குச் சுவர் என் இடது கைப்பக்கம், அங்கேதான் மெலிசாக இருக்கிறது, நைந்த துணியில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் தெரிவது மாதிரி.

அளக்கும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது. மனுஷ உடம்பும் புடவையும் தலைமுடியும் சத்தத்துக்கு ஒரு மெத்தை மாதிரிதான், நின்ற இடத்தில் நின்று கொஞ்சத்தை விழுங்கிவிடும். மைக் ஸ்டாண்டை இடம் மாற்றி வைத்துவிட்டு வெளியே போய், கனத்த இரும்புக் கதவைச் சாத்தி, உள்ளே காற்று அடங்குகிற வரைக்கும் பொறுத்து, பிறகுதான் இரைச்சலைப் போட்டு அளவு எடுப்போம். பிறகு இன்னொரு இடம், பிறகு இன்னொன்று. எல்லா இடத்து அளவும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்தால் அறை எவ்வளவு சமம் என்று தெரிந்துவிடும். அதற்கு முன்னால் குறைந்த இரைச்சலைப் போட்டு, காதுமூடியைக் கழற்றிவிட்டு ஒரு நடை நடப்பது என் வழக்கம். எந்தப் புத்தகத்திலும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தகடு கயிறு தளர்ந்து திரும்பியிருந்ததை மீட்டர் காட்டுவதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன், அதிலிருந்து ஹரிஹரசுதன் சார் யார் லேபைப் பார்க்க வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "எங்க முதல் மீட்டர் இவங்கதான்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் ஒரு மூலையில் அது உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் யாரும் என்னை எதற்கும் முதல் என்று சொன்னதில்லை. திங்கட்கிழமை தரச்சான்று கொடுக்கிறவர்கள் டெல்லியிலிருந்து வருகிறார்கள், அன்றைக்கும் அவர் அதைச் சொல்வார், அதற்குள் இந்த வடக்குச் சுவரை ஒரு வழி பண்ண வேண்டும். கதவின் கண்ணாடித் துவாரத்தில், கூட வேலை பார்க்கிற ஷமீமாவின் முகம் தெரிகிறது. உள்ளே வா என்று கை காட்டுகிறேன். இந்த அறைக்குள் வாயால் பேசிப் பிரயோஜனமில்லை, ஒரு வார்த்தை அடங்குவதற்குள் அடுத்தது அதன் மேல் ஏறி, எல்லாம் கூழாகிவிடும். அவள் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள், என் இடது பக்கம் ஓரடி வந்தவள் என் முதுகுக்குப் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்து நிற்கிறாள், வடக்குச் சுவரைக் காட்டுகிறேன், உள்ளங்கையைக் கீழே இறக்கிக் காட்டுகிறேன், குறைவு என்று. அவள் சுவரைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள். வெளியே வாங்க என்று தலையை ஆட்டுகிறாள்.

ஷமீமா எனக்கு ஒரு வயசோ ரெண்டு வயசோ இளையவள், உக்கடத்திலிருந்து வருகிறாள், வந்த நாளிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், தப்பு என்றால் தப்பு என்று சொல்லிவிடுவாள். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். "ரேணுகாக்கா, நேத்து சாயங்காலம் எடுத்ததுல இருந்து பாருங்க. எந்த இடத்துலயும் அரை டெசிபலுக்கு மேல வித்தியாசம் இல்ல. கூரை ஒழுகறதுக்கு முன்னாடிகூட நமக்கு இவ்வளவு நல்லா வந்ததில்ல." வந்ததில்லைதான், எனக்கும் தெரிகிறது, வரைபடத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகக் கிடக்கின்றன. "மைக் எல்லாம் நடுவுல இருக்குது. வடக்கோரம் வைக்கலயே" என்றேன். "சுவரை ஒட்டி வைக்கக் கூடாதுன்னு நீங்கதானேக்கா சொல்லிக் குடுத்தீங்க." "ஒட்டி வேண்டாம். எனக்குக் காதுல தெரியுது ஷமீமா. அந்தப் பக்கம் வத்திப்போய் இருக்குது." அவளுக்கு என் காதுமேல் மரியாதை உண்டு, மீட்டர்மேல் அதைவிடக் கொஞ்சம் அதிக மரியாதை உண்டு, இரண்டும் சண்டை போட்டால் என்ன செய்வது என்று இதுவரைக்கும் அவளுக்கு வேலை வந்ததில்லை. "சரி, என்ன பண்ணலாம்?" என்றாள். வடக்குப் பக்கத் தகடுகள் மூன்றையும் திருப்பலாம் என்றேன். ஏணியைப் போட்டு நான் ஏறினேன், அவள் பிடித்துக்கொண்டாள். தகடுகளின் வளைவு அந்தச் சுவரைப் பார்க்கும்படி கயிற்றைச் சுற்றிக் கட்டினேன். ஏணியின் கீழிருந்து அவள் ஏதோ சொன்னாள். என்ன என்றேன். மறுபடி சொன்னாள். இந்த அறையில் யார் பேசினாலும் இப்படித்தான், என்ன என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் பேசுவதையே விட்டுவிடுவோம். இறங்கிய பிறகு வெளியே வந்து சொன்னாள், "கயிறு உங்க தோள்ல மாட்டியிருக்குன்னு சொன்னேன்." மாட்டித்தான் இருந்தது, மஞ்சள் கயிறு ஒன்று, நான் அதை இழுத்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறேன்.

திருப்பிய பிறகு அளந்தோம். ஒரே கோடாக இருந்தது பிரிந்துவிட்டது. கனத்த ஒலிகளில் ஒரு இடம் ஏறி, ஒரு இடம் இறங்கி, பல் போன சீப்பு மாதிரி நின்றது. ஷமீமா திரையைப் பார்த்தபடி பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். கயிறு சரியாக நிற்கவில்லை என்றேன், தகடு ஆடிக்கொண்டிருந்திருக்கும் என்றேன், கதவைச் சாத்தி நாம் போதுமான நேரம் பொறுக்கவில்லை என்றேன். இன்னொரு தடவை எடுத்தோம். அதே சீப்பு. "அக்கா, பழையபடி வெச்சுரலாமா?" என்றாள். அவள் குரலில் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. கோபமில்லை. காய்ச்சல்காரியிடம் பேசுகிற மாதிரி இருந்தது. "இரு, ஒரு தடவை உள்ள போய்க் கேட்டுட்டு வர்றேன். சின்ன இரைச்சலா போடு" என்றேன்.

இப்போது உள்ளே இருக்கிறேன். கதவு சாத்தியாயிற்று. காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டாயிற்று. இரைச்சல் வருகிறது, மழை தகரத்தில் விழுந்துகொண்டே இருப்பது மாதிரி, சொட்டுச் சொட்டாக இல்லாத மழை. இடது பக்கம் மெலிசாக இருக்கிறது. தகட்டைத் திருப்பியும் மெலிசாகத்தான் இருக்கிறது, கொஞ்சம்கூட மாறவில்லை, மீட்டரில் அத்தனை மாறிய அறை என் காதில் மாறவே இல்லை. அது எப்படி. வடக்குச் சுவர் பக்கம் போகிறேன், கையை வைத்தால் தொடுகிற தூரத்தில் நிற்கிறேன். மெலிசுதான். திரும்பி நடக்கிறேன், எதிர்ச் சுவருக்கு, தெற்குச் சுவருக்கு, அதைத் தொட்டுக்கொண்டு கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன். இடது பக்கம் மெலிசாக இருக்கிறது. இடது பக்கம் இப்போது தெற்கு. தெற்குச் சுவரை யாரும் கொத்தவில்லை, பூசவில்லை, அது கட்டிய நாளிலிருந்து அப்படியே நிற்கிறது. நடுவில் வந்து நிற்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். சின்னப் பிள்ளைகள் தலைசுற்றுவதற்காகச் சுற்றுவார்களே, அப்படியில்லை, கடையில் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் திரும்புகிற மாதிரி. கிழக்கு, வடக்கு, மேற்கு. அந்தப் பள்ளம் என்கூடவே சுற்றுகிறது. கண்ணைத் திறக்கிறேன். ஷமீமா துவாரத்தில் தெரியவில்லை, நல்லவேளை. முதலில் வந்த நினைப்பு, பஞ்சு அடைப்பான் காதிலேயே இருக்கிறது, காலையில் வைத்ததை எடுக்க மறந்துவிட்டேன் என்பது. அப்படியே சிரிப்பு வந்துவிட்டது, இதற்கா இத்தனை பாடு. விரலை விட்டுப் பார்த்தேன். காது காலியாக இருக்கிறது. கம்மல் இருக்கிறது, காது இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. கோட்டுப் பையில் புது அடைப்பான் இருந்தது. உருட்டி இடது காதில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அறை அப்படியே இருந்தது. அதை எடுத்து வலது காதில் வைத்தேன். அறை போய்விட்டது. போய்விட்டது என்றால் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடங்கின பிறகு வருகிற ஆவிச் சத்தம் மாதிரி எங்கோ கொஞ்சம். அவ்வளவுதான் எனக்கு இடது பக்கம் மிச்சம் இருக்கிறது.

நான் பயப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். பயம் வந்தது, ஆனால் வரிசையாக வந்தது, டோக்கன் வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி. ஒரு காது மட்டும் போவது நல்லதில்லை என்று முதலில். இரண்டு காதும் சேர்ந்து மந்தமானால் வயசு, ஒன்று மட்டும் என்றால் உள்ளே எதையோ பார்க்க வேண்டும், தலைக்கு ஸ்கேன் எடுப்பார்கள், அந்தக் குழாய்க்குள் படுக்க வைத்தால் டமடமவென்று அடிக்கும் என்பார்கள், ஒரு காதுக்குத்தான் கேட்கும். பிறகு வேலை. வேலைக்குக் காது வேண்டியதில்லை, மைக் கேட்கும், கம்ப்யூட்டர் எழுதும், நான் கையெழுத்துப் போடுவேன், அதற்குக் கைதான் வேண்டும். ஆனால் திங்கட்கிழமை சார் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். பிறகு, இது எப்போதிலிருந்து. அது வந்ததும் மற்ற இரண்டு பயமும் நகர்ந்து இடம் விட்டுவிட்டன. எப்போதிலிருந்து. போனை எந்தக் காதில் வைக்கிறேன். வலது. முன்பு இடது காதில் வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுவேன், இப்போது எழுத வேண்டியதாயிருந்தால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போடுகிறேன், கழுத்து வலி என்று நினைத்தேன். சிங்காநல்லூர் சந்தில் ஒரு ஆட்டோ உரசிக்கொண்டு போனானே, ஹாரன் அடிக்காமல் வருகிறான் பார் என்று திட்டினேன், அவன் திரும்பிப் பார்த்து "எத்தனை தடவைங்கக்கா அடிக்கறது" என்றான், எவ்வளவு திமிர் என்று வீடு வருகிற வரைக்கும் பொருமினேன். பிறகு இவர். திருமூர்த்தி. வாய்க்குள்ளேயே பேசுகிறார் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "ஏனுங்க, வாயைத் தொறந்து பேசினாத்தான் என்ன?" சாப்பாட்டு மேசையில் அவர் நாற்காலி என் இடது பக்கம். படுக்கையிலும் இடது பக்கம். கல்யாணம் ஆனதிலிருந்து என் இடது பக்கத்தில் இருக்கிற மனுஷன். கொஞ்ச நாளாகப் பேச்சே குறைந்துவிட்டது. மகள் திருச்சிக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் பேச எதுவும் இல்லை, இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது, எல்லார் வீட்டிலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். சமையலறையில் நின்றுகொண்டு ஏதோ சொல்வார், நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போயிருப்பார். போகிறார் பார், நின்று சொன்னால் என்ன என்று தோன்றும். அவருக்கு என்ன தோன்றியிருக்கும்.

அப்புறம் மலர். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது மாதிரி இருந்தது. மலர்விழி இவருடைய தங்கை. தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்க முடியாமல் ஒரு பையோடு வெளியே வந்துவிட்டாள். வந்தவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மகளுடைய அறை சும்மா கிடக்கிறது, கட்டில், பீரோ, ஃபேன் எல்லாம் அப்படியே இருக்கிறது, ஆனால் அவள் திருப்பூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இடம் பிடித்து, பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கிற வேலைக்குப் போய்விட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனும் தங்கையும் பேசி முடிவு பண்ணிக்கொண்டார்கள், வீட்டுக்காரி என்று ஒருத்தி இருக்கிறாளே என்று கேட்கவில்லை, கேட்காத இடத்தில் நானாக வாயைத் திறந்து எதற்குக் கூப்பிட வேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன். பிறகு பல்லடத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், இளைத்திருந்தாள், என்ன மலரு, இங்க கோயமுத்தூர்லயே வேலை பாத்திருக்கலாமே என்றதற்கு, "உங்களுக்குச் சிரமம் குடுக்க வேண்டாம்னுதான் அண்ணி" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டாள். அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் குழம்பியிருக்கிறேன். நான் எப்போது சிரமம் என்றேன். என்னை யார் கேட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. கேட்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை. வலது காதில் அடைப்பானோடு அறை நடுவில் நின்றுகொண்டு இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். என்னைக் கேட்கவில்லை, எனக்குக் கேட்கவில்லை. அவள் தாராபுரத்திலிருந்து வந்த அந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தேன், வலது பக்கம் ஒருக்களித்து, வலது காது தலையணையில், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தூங்கவில்லை. அவர் என் முதுகுப் பக்கம் படுத்திருந்தார். தோளில் கை பட்டது. இடம் பத்தவில்லை, தள்ளிப் படுக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால் பாயில் அவர் இல்லை. வாசலில் செருப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தன் மோட்டார் கடைக்கு எதற்குப் போனார் என்று நினைத்தேன். வந்த பிறகு சாப்பாடு வேண்டாம் என்றார், வயிறு சரியில்லை என்று. மறுநாள் ரசம் மட்டும் வைத்துக் கொடுத்தேன். வயிற்றுக்கு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

கதவைத் தட்டினேன். ஷமீமா திறந்து, சுவிட்சை அணைத்தாள், இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்களுக்குள் வடிந்தது. "ஷமீமா, அறைல ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் இடது காது கேக்கல" என்றேன். இவ்வளவு சுலபமாகச் சொல்ல வரும் என்று நினைக்கவில்லை. அவள் அதிர்ச்சி காட்டவில்லை. ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் ரொம்ப நாளா உங்களைச் சுத்தி வலது பக்கம் வந்துதான் பேசறேன். அந்தப் பக்கம் நின்னா நீங்க பதில் சொல்றதில்ல. முதல்ல எம்மேல கோபம்னு நெனச்சேன்" என்றாள். "ஏன் சொல்லல?" "காதை வெச்சே பேர் வாங்கினவங்ககிட்ட எப்படிக்கா சொல்றது." அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை. அவளுடைய மாமாவுக்குப் பார்த்த காது டாக்டரின் நம்பரைத் தேடி, அவளே போன் போட்டு, சனிக்கிழமை காலையில் வரச் சொல்கிறார்கள் என்றாள். ஏணியை மறுபடி தூக்கிக்கொண்டு போனோம். இந்தத் தடவை அவள் ஏறினாள், நான் பிடித்துக்கொண்டேன், மூன்று தகடுகளையும் பழையபடி திருப்பிக் கட்டினாள். அளந்தோம். சீப்பு போய்க் கோடு வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது அறை. நான் தொட்டிருக்கவே வேண்டாம். "சார்கிட்ட நானே சொல்லிக்கறேன், திங்கக்கிழமை என்னை அப்படி அறிமுகப்படுத்த வேண்டாம்னு" என்றேன். "சொல்லுங்க" என்றாள். பிறகு, "ரிசல்ட்டை நாளைக்குக் காட்டலாம். முதல்ல நீங்க வெளிய போய் உக்காருங்க, முகமெல்லாம் வேர்த்திருக்குது" என்றாள்.

லேபுக்கு வெளியே ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், அடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அங்கிருந்துதான் இவருக்குப் போன் செய்தேன். சூலூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார், வேலை நேரத்தில் நான் கூப்பிடுவதில்லை. எடுத்ததும் "என்னாச்சு?" என்றார். பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "ஒண்ணும் ஆகலீங்க. ஒண்ணு கேக்கணும். மலரு தாராபுரத்துல இருந்து வந்தப்ப, ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் படுத்திருந்தமே, அன்னிக்கு எங்கிட்ட ஏதாவது கேட்டீங்களா?" பதில் இல்லை. வலது காதில்தான் வைத்திருக்கிறேனா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். "இப்ப எதுக்கு அது?" என்றார். "கேட்டீங்களா இல்லீங்களா?" "கேட்டேன்." "என்னன்னு கேட்டீங்க?" "என்னன்னா? மலரைக் கொஞ்ச நாளைக்கு நம்ம வீட்டுல வெச்சுக்கலாமான்னு கேட்டேன். நீ ஒண்ணுஞ் சொல்லல. தூங்கறயோன்னு தோளைத் தொட்டேன். நீ தள்ளிப் போய்ப் படுத்துட்டே." அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, ஆறிப்போன விஷயத்தைச் சொல்கிறவர் குரலாகத்தான் இருந்தது, அதுதான் தாங்கவில்லை. "எனக்குக் கேக்கலீங்க" என்றேன். "என்னது?" "எனக்கு இடது காது கேக்கறதில்ல. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நீங்க கேட்டது எனக்குக் காதுலயே விழுகல." அந்தப் பக்கம் அவர் யாரையோ "மோட்டாரை ஆஃப் பண்ணுங்கப்பா" என்று சத்தம் போட்டார். மோட்டார் நின்றது. "மறுபடி சொல்லு" என்றார். சொன்னேன். எப்போதிலிருந்து என்றார், தெரியவில்லை என்றேன். "அப்ப நீ எங்கிட்டப் பேசாம இருந்ததெல்லாம்" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "நீங்கதான் பேசறதை விட்டுட்டீங்கன்னு நான் நெனச்சுட்டு இருந்தேன்" என்றேன். மூச்சு விடுவது மட்டும் கேட்டது. இந்த மனுஷன் மூச்சு விடுவதை நான் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. "அவ ஒருத்தி அங்க தனியா கெடக்கறா" என்றார் கடைசியில். மலருக்கு நானே பேசுகிறேன் என்றேன். "என்ன சொல்லுவாளோ" என்றார். எனக்கும் தெரியவில்லை.

அவள் எடுத்த உடனே, "அண்ணி, அண்ணனுக்கு ஏதாவதா?" என்றாள். நான் கூப்பிட்டால் ஏதாவது ஆகியிருக்க வேண்டும் என்றாகிவிட்டது. இல்லை, நல்லாருக்கார் என்றேன். பின்னால் தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம். "இருங்க, படிக்கட்டுக்கு வந்துடறேன்" என்றாள், சத்தம் தேய்ந்து நின்றது. எப்படித் தொடங்குவது என்று யோசித்துப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னேன். "மலரு, நீ வந்தப்ப அண்ணன் எங்கிட்டக் கேட்டது எனக்குக் கேக்கல. எனக்கு ஒரு காது போயிருச்சு. சாக்குச் சொல்லல, இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன். நான் உன்னை வேண்டாம்னு சொல்லவே இல்ல." "நீங்க வேண்டாம்னு சொன்னதா அண்ணன் சொல்லல அண்ணி. அவ ஒண்ணுமே சொல்லலன்னுதான் சொன்னாரு" என்றாள். "ஒண்ணுமே சொல்லாம இருக்கறதுக்கு, வேண்டாம்னே சொல்லியிருக்கலாமேன்னு அன்னிக்கு நெனச்சேன்." குரல் உடையவில்லை. துணியில் எங்கே ஓட்டை என்று விரலை வைத்துக் காட்டுகிறவள் மாதிரி சொன்னாள். "இப்ப வா மலரு. ரூம் சும்மாத்தான் கெடக்குது." "இப்ப வேண்டாம் அண்ணி. கோபத்துல சொல்லல. இங்க பழகிருச்சு. ஜன்னலோரக் கட்டில் கெடைக்கறதுக்கே காத்துக் கெடந்து வாங்கியிருக்கேன். கூட ஒரு திண்டுக்கல் புள்ள, நல்ல புள்ள. இனி அங்க வந்து மறுபடி முதல்ல இருந்து என்னால ஆகாது." சரி என்றேன். சரி என்பதைத் தவிர எனக்குச் சொல்ல என்ன பாத்தியதை இருக்கிறது. வேப்பங்காய் ஒன்று பெஞ்சில் விழுந்து உருண்டது. போனை வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். "டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?" என்றாள். சனிக்கிழமை என்றேன். "யார் கூடப் போறீங்க?" "உங்க அண்ணன்தான் வருவாரு." "அண்ணனா!" என்றாள், அவளுடைய பழைய குரல் அது, கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் இட்லி அவித்துக்கொண்டு என்னோடு வம்பளந்த குரல். "ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே டீ குடிக்க வெளிய போற ஆளு அவரு. டாக்டர் சொல்றதுல பாதி அவருக்கு ஏறாது, பாதி உங்களுக்குக் கேக்காது. ரெண்டு பேரும் போய் என்ன தெரிஞ்சுட்டு வருவீங்க?" எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதுதான் கன்னம் ஈரமாக இருப்பது தெரிந்தது. "நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு பஸ் ஏறினா விளக்கு வெக்கற நேரத்துக்கு அங்க வந்துருவேன். தங்கிட்டுக் காலைல உங்ககூட டாக்டர்கிட்ட வர்றேன். ஞாயித்துக்கெழமை திரும்பிருவேன்" என்றாள். பிறகு, "வரட்டுமா அண்ணி?" என்று கேட்டாள்.

"வா" என்றேன்.